நகரத்தை எழுத நமக்கு ஏன் இத்தனை கூச்சம்?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டு மொழிக் கழகத்துத் தம்பியும் தங்கையும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டேன். "இலக்கியமும் நகர வாழ்க்கையும், டாக்டர். உங்க அனுபவத்தையே எழுதுங்க" என்றார் தங்கை. பணி ஓய்வு பெற்ற பேராசிரியரிடம் அனுபவத்தை எழுதச் சொல்வது ஆபத்தான காரியம். நிறுத்த மாட்டார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அப்போது என் மேசை மேல் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நடுவர் என்ற முறையில் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய விஷயம் அந்த அடுக்கிலேயே இருந்தது.

எழுதியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். பூச்சோங், காஜாங், கிள்ளான், செலாயாங் என்று முகவரிகள். கதைகளைத் திறந்தால் லயத்து வீடுகள். பெரட்டுக் களத்தில் தண்டல் கத்துகிறார். ஆயாக் கொட்டகையில் குழந்தை அழுகிறது. கிராணி கணக்கில் ஏமாற்றுகிறார். ஒரு கதையில், கைப்பேசி வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் கங்காணியிடம் அடி வாங்குகிறான். இந்தியாவிலிருந்து கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938இல் நின்றுவிட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளை, பதினோராவது மாடியில் உட்கார்ந்துகொண்டு கங்காணியை எழுதுகிறது. இன்றைய தோட்டங்களில் கித்தா மரமே அரிது. பெரும்பாலும் செம்பனைதான். அங்கே வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். இந்த உண்மை ஒரு கதையில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

தவறாக நினைக்க வேண்டாம். தோட்டத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களும், அருகிலிருந்து பார்த்தவர்களும், கேட்டுத் திரட்டியவர்களும் எழுதியவைதாம் நம் இலக்கியத்தின் அடித்தளம். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் இல்லாவிட்டால் நம் தாத்தாக்கள் பட்ட பாடு வெறும் எண்ணிக்கையாக அரசாங்க ஏடுகளில் மட்டுமே இருந்திருக்கும். நான் குறைப்படுவது வேறு விஷயத்தில். வாழாத வாழ்க்கையை, படித்த கதைகளிலிருந்து எடுத்து மறுபடியும் கதையாக்குகிறோம். வாழும் வாழ்க்கையை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், அந்தக் குற்றத்தைச் செய்தவள் என்ற தகுதி உண்டு.

நான் பிறந்தது சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில். தோட்டத் துண்டாடலின்போது எங்கள் தோட்டமும் கைமாறியது. வேலை போயிற்று. எனக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா எங்களைச் செந்தூலுக்குக் கூட்டி வந்துவிட்டார். ரயில்வே பட்டறைக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றோரமாக ஒரு புறம்போக்குக் கம்பம். பலகை வீடு, தகரக் கூரை. 1971 ஜனவரியில் கோலாலம்பூரையே மூழ்கடித்த வெள்ளத்தில் எங்கள் வீட்டு அரிசி வாளி மிதந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தைப் பற்றி நினைவிருப்பது மிகக் குறைவு. ஒரு நாய், ஒரு கிணறு, அம்மாவின் துணியில் ஒட்டியிருந்த பால் வாடை. அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு போட்டிக்குச் சிறுகதை எழுதினேன். எதைப் பற்றி எழுதியிருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். விடியற்காலை. தூறல் மழை. ஒரு விதவைத் தாய் நனைந்த சேலையோடு நிரையில் நின்று கித்தா மரம் சீவுகிறாள். மழைத்துளியும் கண்ணீரும் பாலோடு கலந்து கோப்பையில் விழுகின்றன. எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. இருநூறு வெள்ளி. நடுவர்கள் அந்தத் தொடக்கக் காட்சியை மேடையிலேயே பாராட்டினார்கள்.

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார வைத்து நானே வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"மழையில எவடி மரம் சீவுவா? பட்டை நனைஞ்சிருந்தா பால் வழிஞ்சு மரத்தோட போயிடும். மழைன்னா அன்னிக்கு வேலை இல்லை. வேலை இல்லைன்னா சம்பளம் இல்லை. நாங்க மழைக்கு அழுதது அதுக்குத்தான்."

இருபது ஆண்டுகள் மரம் சீவிய பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், படித்த கதைகளிலிருந்து ஒரு தோட்டத்தைக் கட்டி எழுப்பியிருந்தேன். அவர் சொன்ன உண்மை, வேலையில்லாத மழை நாளில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்தத் தாயின் கதை, நான் எழுதியதைவிட எவ்வளவோ மேலானது. அது எனக்கும் தோன்றவில்லை. நடுவர்களுக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவர்களும் நகரத்துக்காரர்கள்.

வெட்கத்தை மறைத்துக்கொண்டு, "அப்படின்னா நம்ம கம்பத்தைப் பத்தி எழுதட்டுமாம்மா? தண்ணிக் குழாய்ல நின்னதெல்லாம்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் எழுதாதே. அது நம்ம மானம்" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. எங்கள் கம்பத்தில் பொதுக் குழாய் ஒன்றுதான். அது தவிர ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தனிக் குழாய் இருந்தது. அந்த வீட்டுக்காரர் வாளிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு தண்ணீர் விட்டார். மின்சாரக் கம்பியையும் அவர்தான் இழுத்துக் கொடுத்தார். ஒரு விளக்குக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. காசு தராத மாதம் விளக்கு அணைந்துவிடும். அவர் துரையும் இல்லை, கிராணியும் இல்லை. என் அப்பாவோடு பிறந்த அண்ணன். என் பெரியப்பா. எங்களுக்கும் அதே கணக்குத்தான்.

இதை அச்சில் எழுத எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் என் மகள் திருமணத்துக்கு வந்து பந்தி பரிமாறினார்கள். பெரியப்பா கெட்டவர் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. அவர் முன்னதாக நகரத்துக்கு வந்தவர். நாங்கள் பின்னதாக வந்தோம். அவ்வளவே. நாங்கள் வந்து இறங்கிய முதல் மாதம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் கருத்து இதுதான். நகரத்தை எழுத நாம் தயங்குவதற்குக் காரணம் அறியாமை அன்று. தோட்டக் கதையில் நாம் எப்போதுமே நல்லவர்கள். துரை இருக்கிறான், கங்காணி இருக்கிறான், பழியை ஏற்க ஒரு முகம் தயாராக இருக்கிறது. நகரத்துக்கு வந்தவுடன் அந்த வசதி போய்விடுகிறது. அங்கே வாடகைக்கு அறை விட்டவர் நம்மவர். வட்டிக்குக் கொடுத்தவர் நம்மவர். குண்டர் கும்பலில் சேர்ந்த பையன் பக்கத்து வீட்டுப் பையன். படித்து மேலே வந்ததும் பங்சாரில் வீடு வாங்கிக்கொண்டு, செந்தூலில் இருந்ததை வெளியே சொல்லாமல் மறைத்தவள், நானே. நகரத்தை நேர்மையாக எழுதினால் நம்மை எழுதியாக வேண்டும்.

பங்சார் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரே ஒரு கித்தாத் தோட்டத்தின் பெயர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்து தேய்ந்து 'பங்சார்' ஆயிற்று என்று சொல்வார்கள். பெட்டாலிங் ஜெயா எழுந்தது எஃபிங்ஹம் தோட்டத்தின் மேல். புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கைச் சுற்றிலும் ஒரு காலத்தில் தோட்டம். புத்ராஜெயா வருவதற்கு முன் அங்கே பேராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த நம் குடும்பங்கள் தெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம் என்று எப்போதும் சொல்லிக்கொள்கிறோம். பல குடும்பங்கள் எங்கும் போகவில்லை. நகரம்தான் அவர்களைத் தேடி வந்து, மரத்தைச் சாய்த்து, மாடி வீட்டில் ஏற்றிவிட்டது. மாடியில் ஏறிய பாட்டி முருங்கைக் கன்றை எங்கே நட்டார், கோழிகளை என்ன செய்தார், குலதெய்வத்தின் கல்லை எந்த மாடிக்குக் கொண்டு போனார்? இவற்றுக்கெல்லாம் கதை வேண்டாமா?

1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நகர்ப்புறத்தில் இருந்தார். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐவரில் நால்வர் நகர்ப்புறத்தில். முப்பது ஆண்டுகளில் ஒரு சமுதாயம் முழுவதும் இடம் மாறியிருக்கிறது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சி நம் சிறுகதைகளில் இன்னும் ஓரமாகவே நிற்கிறது.

இத்தனைக்கும் நம் இலக்கியம் உருவான இடம் நகரம்தான். தோட்டக் கதைகள் அச்சாகியது கோலாலம்பூர் நாளிதழ்களில். இடைசெவலிலிருந்து வந்த கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை இங்கே 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தார். எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். தனிநாயகம் அடிகளின் முயற்சியில் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதும் இதே நகரத்தில்தான். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. ஞாயிறு பதிப்பில் தன் கதை வந்திருக்கிறதா என்று பார்க்க விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கு நடந்து போனவர்கள் எத்தனையோ பேர். அந்த நடையைப் பற்றியாவது யாராவது ஒரு கதை எழுதியிருக்கலாம்.

நகரத்தை எழுதியவர்களே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். பேராசிரியர் ரெ. கார்த்திகேசு எழுதினார். வானொலியில் பணியாற்றி, பின் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்பியல் கற்பித்தவர். 2016இல் மறைந்தார். அவருடைய 'அந்திம காலம்' நாவலில் புற்றுநோயோடு இருக்கும் ஒரு முதியவர், அவருடைய குடும்பம், மருத்துவமனை. 'காதலினால் அல்ல' ஒரு பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டது. இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் நானும் என் நண்பர்களும் அவரை எப்படி விமர்சித்தோம் தெரியுமா? "படித்த, வசதியான தமிழர்களின் கதை. பாட்டாளியின் வியர்வை எங்கே?" என்றோம். அப்படிக் கேட்ட எங்களில் ஒருவருடைய கையிலும் காய்ப்பு கிடையாது. கார் வாங்குவதற்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பாட்டாளியைப் பற்றிப் பேசினோம். அவர் தாம் பார்த்த மனிதர்களை, தாம் இருந்த இடத்தை எழுதினார். நாங்கள் எங்களுக்கு உரிமையில்லாத வியர்வையைக் கேட்டோம். இன்று அந்த நாவல்களை மறுபடியும் படிக்கும்போது எனக்கு அவர் மீது மரியாதை கூடுகிறது. அவர் எழுதியது நகரத்தின் ஒரு தளம். மற்றத் தளங்களை மற்றவர்கள் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை.

இனி இன்னொரு பழியையும் ஏற்றுக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பரிசளிப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவியிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாம் பரிசு வாங்கியவர். தோட்டக் கதைதான்.

"வீடு எங்கம்மா?"

"பி.பி.ஆர். பிளாட் டாக்டர். பதினாலாவது மாடி."

"தோட்டத்தைப் பார்த்திருக்கியா?"

"இல்லை டாக்டர். பாட்டி இருந்தாங்களாம்."

பேசப் பேச விவரம் வந்தது. மின்தூக்கி பழுதாகி இரண்டு வாரம். அப்பா பகலெல்லாம் கிராப் ஓட்டிவிட்டு, இரவில் படியேற முடியாமல் கீழே காரிலேயே தூங்குகிறார். அம்மா எரிவாயுத் தோம்பைத் தூக்கி வர ஒரு பையனுக்கு மாடிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறார். அந்தப் பையன் எட்டாவது மாடியில் வைத்துவிட்டு, மேலே போக இன்னும் இரண்டு வெள்ளி கேட்டானாம். எனக்கு என் பெரியப்பாவின் வாளிக் கணக்கு நினைவுக்கு வந்தது.

"இதை ஏம்மா எழுதலை?"

அவர் சற்றும் யோசிக்காமல் சொன்னார்: "எழுதினா பரிசு கிடைக்காது டாக்டர்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது கணக்குப் பார்த்துச் சொன்னது. பல ஆண்டுகளாகப் பரிசு பெற்ற கதைகளைப் படித்து, நடுவர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். அந்த நடுவர்களில் நானும் ஒருத்தி. லயம், வியர்வை, தண்டல் என்று வந்தவுடன் நம் கை தானாக மதிப்பெண் போடுகிறது. காரில் தூங்கும் அப்பா வந்தால், "இதில் சமுதாயச் செய்தி என்ன?" என்று கேட்கிறோம். நானே கேட்டிருக்கிறேன். மாணவர்களைக் குறை சொல்லும் முன் நடுவர் மேசையைத் துடைக்க வேண்டும்.

நகரத்தை எழுதுவது எளிது என்று நான் சொல்லவில்லை. சில பக்கங்கள் அச்சம் தருபவை. 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் கலவரம் நடந்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். அதைத் தொடுவதற்குத் துணிவு மட்டும் போதாது, நிதானமும் வேண்டும். மொழிச் சிக்கலும் உண்டு. பிளாட்டில் நம் பிள்ளைகள் பேசும் தமிழில் மலாயும் ஆங்கிலமும் பாதிக்கு மேல். அதைச் செந்தமிழில் மாற்றினால் பொய்யாக ஒலிக்கிறது. அப்படியே எழுதினால் ஆசிரியர்கள் சிவப்பு மையோடு வருகிறார்கள். என்னைக் கேட்டால், பாத்திரம் 'தாப்பாவ்' என்று சொன்னால் 'தாப்பாவ்' என்றே எழுதுங்கள். வாசகர் மலேசியாக்காரர். அவருக்குப் புரியும்.

இடங்களும் காத்திருப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் 1905இல் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் இன்று இல்லை. ரயில்வே குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வாழ்ந்த தெரு அது. ரயில் பெட்டிகள் நின்ற பழைய முற்றத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் இயங்குகிறது. 2010இல் லிட்டல் இந்தியா வளைவு வந்தது. பேருந்துகளிலும் ஒரு காலம் போய்விட்டது. 1975இல் வந்து 1998இல் ஒழிந்த பஸ் மினியில் ஒரு காலைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு, "மாசோக், மாசோக்" என்று கத்திய நடத்துநரை எழுதாமலே இறக்கிவிட்டோம். எங்கே ஏறினாலும் ஒரே கட்டணம். அம்மா அதில்தான் விடியற்காலையில் அலுவலகம் கூட்டப் போவார். நின்றுகொண்டே தூங்குவார். இறங்குமிடம் வந்தால் கண் தானாகத் திறக்கும் என்பார்.

அந்த மாணவியைப் பார்த்து வந்த பிறகு, செந்தூல் கதையை எழுத உட்கார்ந்தேன். ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தும் வந்தேன். பெரியப்பா வீடு இருந்த இடத்தில் இப்போது கொண்டோமினியம் ஒன்றின் கார் நிறுத்துமிடம். காவலாளி நேப்பாளத்துக்காரர். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டுப் போகச் சொன்னார்.

கதை இரண்டு பக்கத்தில் நிற்கிறது. பொதுக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், வாளிக்குப் பெரியப்பா வாங்கியது ஐந்து காசா பத்துக் காசா, சண்டை வந்த நாளில் முதலில் யார் வாளியை எறிந்தது, எதுவும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கித்தா மரம் எப்படிச் சீவுவது என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. வாளிக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. தெரிந்தவர் அம்மா. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பெரியப்பாவின் மூத்த மகள் கிள்ளானில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். அடுத்த வாரம் அக்காவைப் பார்க்க வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். என்ன விஷயமாக என்று அவர் கேட்டார். சும்மாதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.